கம்போ வீட்டில் செய்வது எப்படி: அடுப்பு, அவன், மைக்ரோவேவ், குக்கர் என எல்லா வழிகளிலும்

அமெரிக்காவின் லூசியானாவில் கம்போ என்ற குழம்பை எப்படிச் செய்வது என்று கேட்டால் ஊருக்கு ஒரு பதில் வரும், ஒரே ஊருக்குள் வீட்டுக்கு ஒரு பதில் வரும். தக்காளி போடலாமா கூடாதா, கோழிக் கம்போவில் வெண்டைக்காய்க்கு இடமுண்டா, சோறா உருளைக்கிழங்கு சாலடா என்று ஒரே குடும்பத்துக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கும். ஆனால் ரூ போட்டுச் செய்கிறவர்கள் எல்லோரும் ஒன்றில் உறுதியாக இருக்கிறார்கள். மாவை எண்ணெயில் வறுத்துப் பழுப்பாக்கும் அந்த ரூ பதமாக வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, அது தீய்ந்துவிட்டால் அதன் பிறகு எதைப் போட்டும் காப்பாற்ற முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் ரூவுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கம்போ அமெரிக்காவின் தென்கோடியில், மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் லூசியானா மாநிலத்தின் உணவு. 2004-ல் அந்த மாநிலச் சட்டமன்றம் இதை அதிகாரபூர்வ மாநில உணவாகவே அறிவித்தது. ஒரே பானைக்குள் பல மக்களின் கைப்பக்குவம் சேர்ந்திருக்கிறது. வெண்டைக்காய் போட்டுக் கெட்டியாகச் சமைப்பது, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களின் சமையல். சாசஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடித்த 'ஃபிலே' அங்கே பூர்வகுடிகளான சாக்டா மக்களுடையது. ரூ பிரெஞ்சுச் சமையலில் இருந்து வந்தது. 1755-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியிலிருந்து ஆங்கிலேயர்களால் விரட்டப்பட்ட அக்கேடிய மக்களில் பலர் பின்னாளில் லூசியானாவில் குடியேறினார்கள். அவர்களுடைய வழிவந்தவர்களைத்தான் கேஜன் என்கிறோம். நாட்டுப்புறத்துக் கேஜன் கம்போவில் ரூ கருமையாக இருக்கும், தக்காளி இருக்காது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கிரியோல் கம்போவில் ரூ கொஞ்சம் வெளுப்பாக இருக்கும், கடல் உணவு வகைகள் சேரும், தக்காளியும் வரலாம்.

முதலில் எந்தக் கம்போ?

சந்தைக்குப் போகும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். கம்போவைக் கெட்டியாக்கப் பயன்படுவது மூன்று: ரூ, வெண்டைக்காய், ஃபிலே. ரூவை எந்த நிறத்துக்குக் கொண்டுபோகிறோம் என்பது உள்ளே போகும் பொருளைப் பொறுத்தது. கோழியும் புகையூட்டிய சாசேஜும் என்றால் கருஞ்சாக்லேட் நிறம் வரை போகலாம், இறைச்சி அந்தக் கசப்பு கலந்த வறுவல் வாசனையைத் தாங்கும். இறால், நண்டு என்றால் பழைய செப்புக் காசின் நிறத்தில் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் இறாலின் இனிப்பு அதற்குள் அமுங்கிப் போகும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாவு கருக்கக் கருக்க அதிலுள்ள மாவுச்சத்து சிதைந்து, கெட்டியாக்கும் திறன் குறையும். அதனால் கருமையான ரூ போட்ட கம்போ கொஞ்சம் நீர்க்கத்தான் இருக்கும். அது குறை இல்லை, அதன் இயல்பே அப்படித்தான். கெட்டியாக வேண்டும் என்பவர்கள் அதற்குத்தான் கடைசியில் ஃபிலே தூவுகிறார்கள். வெண்டைக்காய் போட்ட கம்போவில் ஃபிலேயும் சேர்த்தால் வழுவழுப்பு ஏறிவிடும், இரண்டில் ஒன்று போதும்.

கோழி, சாசேஜ் கம்போ: 6 முதல் 8 பேருக்கு

முதல் தடவை செய்பவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. பொருள்கள் சுலபமாகக் கிடைக்கும், நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் தாங்கும்.

கோழி, எலும்போடு, தொடையும் காலுமாக: 1.2 கிலோ
புகையூட்டிய சாசேஜ்: 350 கிராம்
மைதா: 125 கிராம்
ரீஃபைண்டு கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய்: 180 மி.லி.
பெரிய வெங்காயம்: 2 (சுமார் 300 கிராம்)
செலரித் தண்டு: 3
பச்சைக் குடைமிளகாய்: பெரியது 1
பூண்டு: 6 பல்
பே இலை: 2
உலர்ந்த தைம்: 1 டீஸ்பூன்
மிளகுத்தூள்: 1 டீஸ்பூன்
வெள்ளை மிளகுத்தூள்: அரை டீஸ்பூன்
காரமான மிளகாய்த்தூள்: அரை முதல் 1 டீஸ்பூன்
வெங்காயத் தாள்: ஒரு கட்டு
பார்ஸ்லி: ஒரு கைப்பிடி
உப்பு: தேவைக்கு

சாசேஜ் பற்றி ஒரு வார்த்தை. அங்கே போடுவது ஆண்டூயி என்ற பன்றிக்கறிச் சாசேஜ். கறியை அரைக்காமல் பெரிய துண்டுகளாகவே அடைத்து, பூண்டு சேர்த்து, மணிக்கணக்கில் புகையூட்டுவார்கள். நியூ ஆர்லியன்ஸுக்குப் பக்கத்தில் லாப்ளாஸ் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். நம்மூரில் இருப்பவர்கள் புகையூட்டிய சிக்கன் சாசேஜ் வாங்கிக்கொள்ளலாம். புகை வாசனை இல்லாத சாதாரணச் சாசேஜைப் போட்டால் கம்போவின் பாதி மணம் போய்விடும். வேறு வழியில்லை என்றால் அரை டீஸ்பூன் புகையூட்டிய பாப்ரிக்கா தூள் சேருங்கள்.

பே இலை என்று கேட்டால் கடையில் பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலையைக் கொடுப்பார்கள். அது வேறு மரம், லேசான பட்டை வாசனை அடிக்கும். மத்தியத்தரைக்கடல் பகுதிப் பே இலை கிடைக்காவிட்டால் ஒன்றுமே போடாமல் விடுவது மேல். கரம் மசாலா, இஞ்சி, மஞ்சள், கறிவேப்பிலை எதுவும் வேண்டாம். கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போகும், அடக்கிக்கொள்ளுங்கள். இதில் ருசி வறுத்த மாவிலிருந்து வர வேண்டும்.

கோழிச் சாறு

கோழியை இரண்டரை லிட்டர் தண்ணீரில் போட்டு, வெங்காயத்தின் வெட்டிய ஓரங்கள், செலரி இலை, கொஞ்சம் மிளகு, அரை டீஸ்பூன் உப்பு சேர்த்து மெதுவாகக் கொதிக்கவிடுங்கள். மேலே வரும் நுரையை எடுத்துவிட வேண்டும். பிராய்லர் கோழி 40 நிமிடத்தில் வெந்துவிடும். எடுத்து ஆறவைத்து, சதையைப் பெரிய துண்டுகளாகப் பிய்த்துத் தனியே வையுங்கள். எலும்பை மறுபடி சாற்றில் போட்டு இன்னும் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் சுமார் 2 லிட்டர் சாறு கிடைக்கும். நாட்டுக்கோழி கிடைத்தால் இன்னும் பிரமாதம். லூசியானாக் கிராமங்களிலும் முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக் கோழியைத்தான் கம்போவுக்கு உசத்தியாகச் சொல்வார்கள். அது வேக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் சாற்றின் ருசியே தனி.

ரூவுக்குக் கை வைக்கும் முன்பு எல்லாக் காய்களையும் பொடியாக நறுக்கி, பக்கத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும். தொடங்கிய பிறகு வெங்காயம் உரிக்க நேரம் கிடைக்காது. வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் அங்கே திரித்துவம் என்றே சொல்வார்கள், அந்த அளவுக்கு மதிப்பு. இரண்டு பங்கு வெங்காயத்துக்கு ஒரு பங்கு செலரி, ஒரு பங்கு குடைமிளகாய் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

அடுப்பில் ரூ

அடி கனமான, அகலமான பாத்திரம் வேண்டும். வார்ப்பிரும்புச் சட்டி இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. நான்ஸ்டிக் வேண்டாம், இவ்வளவு சூட்டுக்கு அந்தப் பூச்சு ஏற்றதல்ல. கிளற, நுனி தட்டையான மரக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். வட்டக் கரண்டி சட்டியின் மூலைகளை எட்டாது, மாவு முதலில் தீய்வது அங்கேதான்.

முதலில் சாசேஜை வட்டமாக நறுக்கி அதே சட்டியில் சிவக்க வறுத்து எடுத்து வையுங்கள். அடியில் ஒட்டியது கருகியிருந்தால் சட்டியைத் துடைத்துவிடுங்கள். பிறகு எண்ணெயை ஊற்றி நடுத்தரத் தீயில் சூடாக்கி, மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால் பொருள் சீக்கிரம் கருகிவிடும்.

இனிமேல் கை நிற்கக் கூடாது. போனை எடுக்கக் கூடாது, வாசல் மணி அடித்தால் வேறு யாராவது போய்ப் பார்க்கட்டும். கடிகாரத்தைவிடக் கண்ணையும் மூக்கையும் நம்புங்கள். முதல் 5 நிமிடம் மாவு வெளுப்பாக நுரைத்துக்கொண்டிருக்கும், பச்சை மாவு வாசனை அடிக்கும். 10, 15 நிமிடத்தில் சந்தன நிறம் வரும், பாப்கார்ன் பொரிக்கும் மணம் வரும். 20 நிமிடத்தில் வேர்க்கடலை வெண்ணெய் நிறம், மணமும் வறுத்த கடலை மணம்தான். இந்தக் கட்டத்தில் ரூ திடீரென்று இளகி, கரண்டிக்கு லேசாகிவிடும். அரை மணி நேரத்தில் செப்புக் காசு நிறம். கடல் உணவுக் கம்போ என்றால் இங்கே நிறுத்த வேண்டும்.

கோழிக் கம்போவுக்கு இன்னும் 10, 15 நிமிடம் போகலாம். செப்பு நிறத்துக்குப் பிறகு தீயைக் குறைத்துவிடுங்கள், ஏனென்றால் இங்கிருந்து கருகுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. மில்க் சாக்லேட் நிறம் வந்து, அப்புறம் டார்க் சாக்லேட்டை நெருங்கும்போது காப்பிக்கொட்டை வறுக்கும் மணம் எழும். மெல்லிய புகை இழை ஒன்று மேலே வரும். அதுதான் எல்லை. கரண்டியால் கொஞ்சம் எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள், நிறம் தெளிவாகத் தெரியும். கரும்புள்ளிகள் தெரிந்தாலோ தீய்ந்த வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். போவது ஒரு கப் மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான். அதை விட்டுவிட்டுத் தொடர்ந்தால் கோழி, சாசேஜ் எல்லாமே வீணாகும்.

முதல் தடவை செய்பவர்கள் மில்க் சாக்லேட் நிறத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். கம்போ அருமையாகவே வரும்.

ஓபலூசஸ் ஊரில் பிறந்து, கேஜன் சமையலை உலகுக்குக் கொண்டுபோன சமையல் கலைஞர் பால் புரூடோம் (1940–2015) எண்ணெயைப் புகையும் அளவுக்குச் சூடாக்கி, சில நிமிடங்களிலேயே கருமையான ரூ எடுத்துவிடுவார். பார்க்க ஆசையாக இருக்கும். கை பழகிய பிறகு முயன்று பாருங்கள். ரூ கொதிநீரைவிடப் பல மடங்கு ஆபத்தானது, தெறித்தால் தோலில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், துப்பட்டாவோ தொங்கும் துணியோ வேண்டாம், குழந்தைகளைச் சமையலறைக்குள் விடாதீர்கள்.

காய், சாறு, கொதி

நிறம் வந்ததும் வெங்காயத்தை மட்டும் முதலில் கொட்டுங்கள். சரசரவென்று ஆவி கிளம்பும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தின் ஈரம் ரூவின் சூட்டைத் தணித்து, மேலே கருகாமல் தடுத்துவிடும். நிறம் இன்னும் ஒரு படி கூடும், அதைக் கணக்கில் வைத்துத்தான் ரூவை நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து செலரி, குடைமிளகாய் சேர்த்து 6, 7 நிமிடம் வதக்குங்கள். கடைசியில் பூண்டு, ஒரு நிமிடம் போதும். இப்போது சட்டியில் இருப்பது பளபளப்பான கரும்பழுப்புக் கூழ். வீடு முழுக்க மணக்கும்.

சாற்றை வெதுவெதுப்பாக வைத்து ஒரு கரண்டி ஊற்றிக் கலக்குங்கள், அது சேர்ந்த பிறகு அடுத்த கரண்டி. நாலைந்து கரண்டி போனதும் மீதியை ஊற்றலாம். மாவும் எண்ணெயும் திரிந்து தனித்தனியாக நிற்பதுபோல் தெரிந்தால் பயப்படாதீர்கள், நன்றாகக் கொதி வந்து கலக்கும்போது சேர்ந்துவிடும். பே இலை, தைம், மிளகுத்தூள் இரண்டும், மிளகாய்த்தூள், வறுத்த சாசேஜ் எல்லாம் இப்போது போகட்டும். உப்பைப் பாதி மட்டும் போடுங்கள். சாசேஜிலிருந்து உப்பு இறங்கும், சாறும் வற்றும்.

ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடாமல், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். நடுநடுவே அடிவரை கிளற வேண்டும். அரை மணி நேரத்தில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கத் தொடங்கும். நம்முடைய குழம்புகளில் அதுதான் பதம், அப்படியே விட்டுவிடுவோம். இதில் அந்த எண்ணெயைக் கரண்டியால் எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை, மேலே ஏடாக நிற்பதை மட்டும் எடுத்தால் போதும்.

வாயில் வைத்துப் பாருங்கள். மாவு நாக்கில் தட்டினால் இன்னும் கொதிக்க வேண்டும். தட்டவில்லை என்றால் பிய்த்து வைத்த கோழியைச் சேர்த்து 15 நிமிடம். கோழியை முதலிலேயே போட்டால் நாராகிக் கரைந்துவிடும். நறுக்கிய வெங்காயத் தாள், பார்ஸ்லி தூவி, உப்பு பார்த்து, அடுப்பை அணைத்து 15 நிமிடம் அப்படியே விடுங்கள். கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாக நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. கிரேவி மாதிரி இறுகிப்போனால் சாறு ஊற்றி இளக்கிக்கொள்ளலாம்.

அடுப்பில் நிற்க முடியாதவர்களுக்கு: அவன், மைக்ரோவேவ், எண்ணெயில்லா ரூ

முக்கால் மணி நேரம் நின்று கிளறுவது எல்லோருக்கும் முடியாது. முட்டி வலி உள்ளவர்களுக்கும், பக்கத்தில் சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கும் அவன்தான் சரியான வழி. அவனை 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அதே அளவு மைதாவையும் எண்ணெயையும் வார்ப்பிரும்புச் சட்டியில் கட்டியில்லாமல் கலந்து, மூடாமல் உள்ளே வையுங்கள். 20, 25 நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து ஓரங்களைச் சேர்த்துக் கலக்கி மறுபடி வைத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். இன்னும் கருமை வேண்டுமென்றால் அடுப்பில் சில நிமிடம் கிளறிக்கொள்ளலாம். சூடு எல்லாப் பக்கமும் சமமாக இருப்பதால் தீய்வது அபூர்வம். என்னைக் கேட்டால் புதியவர்களுக்கு இதுதான் முதல் வழி. அந்த ஒன்றரை மணி நேரத்தில் கோழிச் சாறும் தயாராகிவிடும். சட்டியை எடுக்கும்போது கைப்பிடியும் அதே சூட்டில் இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மைக்ரோவேவ் ரூவை லூசியானாவிலேயே நிறைய வீடுகளில் செய்கிறார்கள். ஒரு லிட்டர் பிடிக்கும், சூடு தாங்கும் கண்ணாடிக் குவளையில் 160 மி.லி. எண்ணெயும் 80 கிராம் மைதாவும் கலந்து முழுச் சூட்டில் 6 நிமிடம் வையுங்கள். எடுத்துக் கலக்கினால் இளம்பழுப்பில் இருக்கும். அதன் பிறகு 30 விநாடிக்கு ஒரு தடவை நிறுத்திக் கலக்கி, வேண்டிய நிறம் வரும் வரை தொடருங்கள். ஒவ்வொரு மைக்ரோவேவின் வேகமும் வேறு, அதனால் முதல் தடவை கண்ணெடுக்காமல் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் பாத்திரம் உருகிவிடும். கண்ணாடியை ஈரமான கல் மேடையில் வைத்தால் விரிசல் விடும், காய்ந்த துணியை மடித்து அதன் மேல் வையுங்கள். வெங்காயத்தை உடனே சேர்த்தால் சூடு தணியும். இந்த அளவு ரூவுக்கு ஒன்றேகால் லிட்டர் சாறு போதும்.

எண்ணெயில்லாமல் வெறும் மாவை வறுக்கும் முறையும் உண்டு. 125 கிராம் மைதாவைக் கனமான வாணலியில் சிறுதீயில் 30 நிமிடம் போலக் கிளறி வறுக்கலாம், அல்லது தட்டில் பரப்பி 200 டிகிரி அவனில், 10 நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறி, ஒரு மணி நேரம் வரை விடலாம். ரவை வறுத்துப் பழகிய கைக்கு இது சுலபம். உலர்ந்திருக்கும்போது வெளுப்பாகத் தெரியும், சாறு பட்டதும் இரண்டு படி கருத்துவிடும். அதனால் லவங்கப்பட்டைப் பொடி நிறத்திலேயே நிறுத்தலாம். சலித்து, ஆறிய சாற்றில் கரைத்து, இரண்டு ஸ்பூன் எண்ணெயில் வதக்கிய காய்களோடு கொதிக்கும் சாற்றில் ஊற்றுங்கள். கொழுப்பைக் குறைக்க வேண்டியவர்களுக்கு ஏற்றது. எண்ணெய் ரூவின் வழவழப்பு இதில் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

குக்கரிலும் ஸ்லோ குக்கரிலும்

ரூவை மேலே சொன்ன ஏதாவது ஒரு வழியில்தான் செய்ய வேண்டும். குக்கர் மிச்சப்படுத்துவது அதற்குப் பிந்தைய நேரத்தைத்தான்.

பிரஷர் குக்கர் 6 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சாறு தனியாகத் தயாரிக்க வேண்டாம். ரூ, வதக்கிய காய், சாசேஜ், எலும்போடு பச்சைக் கோழி எல்லாவற்றோடும் ஒன்றரை லிட்டர் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஊற்றுங்கள். ஆவியாகிக் குறையாது என்பதால் தண்ணீர் இவ்வளவு போதும். மூடும் முன்பு அடியில் ஒட்டிய எல்லாவற்றையும் சுரண்டிக் கலக்குங்கள். மாவு அடியில் தங்கினால் கண்டிப்பாக அடிப்பிடிக்கும், எலக்ட்ரிக் குக்கர் என்றால் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். மிதமான தீயில் 3 விசில், எலக்ட்ரிக் குக்கரில் அதிக அழுத்தத்தில் 12 நிமிடம். நாட்டுக்கோழிக்கு இதைப்போல் இருமடங்கு. ஆவி தானாக அடங்கட்டும், கெட்டியான திரவத்தில் அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் பீய்ச்சி அடிக்கும். திறந்து எலும்பை எடுத்துவிட்டு, மூடாமல் 20 நிமிடம் கொதிக்கவிட்டு எண்ணெயை வழித்தெடுங்கள். இந்த 20 நிமிடத்தைத் தவிர்த்தால் ருசி சேராமல் தனித்தனியாக நிற்கும்.

ஸ்லோ குக்கர் என்றால் இதே கலவையை அதில் ஊற்றி மூடி, குறைந்த சூட்டில் 6 மணி நேரம் அல்லது அதிக சூட்டில் மூன்றரை மணி நேரம். காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், முந்தைய இரவே ரூவையும் காயையும் தயார் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். இதிலும் சாற்றை ஒன்றரை லிட்டராகக் குறைக்க வேண்டும்.

இறால், வெண்டைக்காய்க் கம்போ

ஒரு கிலோ இறாலைத் தலையோடு வாங்குங்கள். தலையிலும் ஓட்டிலும்தான் ருசி இருக்கிறது. அவற்றை ஒரு ஸ்பூன் எண்ணெயில் சிவக்க வதக்கி, ஒன்றேமுக்கால் லிட்டர் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் செம்மஞ்சள் நிறத்தில் அற்புதமான சாறு கிடைக்கும். அதற்கு மேல் கொதித்தால் கசக்கும்.

அரை கிலோ வெண்டைக்காயைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, அரை அங்குல வட்டமாக நறுக்குங்கள். மூன்று ஸ்பூன் எண்ணெயில், ஒரு டீஸ்பூன் வினிகர் விட்டு, நூல் நூலாக இழுப்பது நிற்கும் வரை 20 நிமிடம் வதக்குங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், வெண்டைக்காய் கருத்துவிடும். தட்டில் பரப்பி 200 டிகிரி அவனில் 25 நிமிடம் வைத்தாலும் அதே பலன்தான். வழுவழுப்பு முழுதாகப் போகாது, போகவும் வேண்டாம். மீதி இருப்பதுதான் கம்போவைக் கெட்டியாக்கும்.

மாவு 60 கிராம், எண்ணெய் 90 மி.லி. போதும். செப்புக் காசு நிறத்தில் நிறுத்தி, காய்களைப் பழையபடி வதக்கி, விரும்பினால் இரண்டு தக்காளி, அப்புறம் வெண்டைக்காய், இறால் சாறு. 45 நிமிடம் கொதித்த பிறகு சுத்தம் செய்து இரண்டாக உடைத்த நண்டு மூன்று நான்கு, இன்னும் 15 நிமிடம். இறாலைக் கடைசி 4, 5 நிமிடத்தில் போடுங்கள். சுருண்டு சிவந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். குக்கரிலோ ஸ்லோ குக்கரிலோ செய்தாலும் இறால் கடைசியில்தான்.

கீரைக் கம்போ

இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் கம்போ உண்டு. கம்போ சேர்ப் என்ற இந்தக் கீரைக் கம்போவை ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் செய்வார்கள். நியூ ஆர்லியன்ஸில் டூக்கி சேஸ் உணவகத்தை நடத்திய லியா சேஸ் (1923–2019), பெரிய வியாழன் அன்று இதைப் பரிமாறுவதைப் பல்லாண்டுகாலப் பழக்கமாகவே வைத்திருந்தார். மறுநாள் புனித வெள்ளியன்று இறைச்சி கிடையாது என்பதால் அவருடைய கம்போவில் கீரையோடு இறைச்சியும் தாராளமாக இருக்கும். இறைச்சியே இல்லாமல் செய்யும் வீடுகளும் உண்டு. கீரை வகைகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், போடும் ஒவ்வொரு கீரைக்கும் ஒரு புது நண்பர் கிடைப்பார் என்று நம்பிக்கை.

கடுகுக்கீரை, கொலார்ட், டர்னிப் இலை, பீட்ரூட் இலை, கேரட் இலை, முட்டைக்கோஸ், பசலை, வாட்டர்கிரெஸ் எல்லாம் அங்கே போடுவார்கள். லேசான கசப்பும் காரமும் உள்ள ஒரு கீரையாவது இருக்க வேண்டும் என்பது முக்கியம். முள்ளங்கி இலை அதற்கு நன்றாகப் பொருந்தும். மொத்தம் ஒன்றரை கிலோ கீரையை அலசி, வெங்காயம் பூண்டோடு ஒரு மணி நேரம் வேகவைத்து, வடித்த தண்ணீரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கீரையைக் கொரகொரப்பாக அரையுங்கள். 60 கிராம் மாவில் வேர்க்கடலை வெண்ணெய் நிறத்தில் ரூ செய்து, காய்களை வதக்கி, அந்தக் கீரைத் தண்ணீரையே சாறாக ஊற்றி, அரைத்த கீரை, தைம், மிளகாய்த்தூள் சேர்த்து 40 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். புகை வாசனைக்குப் பாப்ரிக்கா தூள் இதில் நிச்சயம் வேண்டும்.

பரிமாறுவதும் எடுத்து வைப்பதும்

ஆழமான கிண்ணத்தில் கம்போவை ஊற்றி, நடுவில் ஒரு கரண்டி சோறு வையுங்கள். சோறு குறைவாக, கம்போ அதிகமாக இருக்க வேண்டும், ஸ்பூனால் சாப்பிடுவது. பொன்னிப் பச்சரிசி உதிரியாக வடித்தால் நன்றாகப் பொருந்தும், பாஸ்மதியின் மணம் இதோடு சண்டை போடும். கேஜன் பகுதியில் சோற்றுக்குப் பதிலாகவோ சோற்றோடு சேர்த்தோ ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலடைக் கிண்ணத்துக்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள். சூடான கம்போவில் குளிர்ந்த கிழங்கு கரைந்து வரும்போது நன்றாகவே இருக்கிறது. ஃபிலே கிடைத்தால் பானையில் போடாமல் கிண்ணத்தில் தூவிக் கலக்குங்கள், அது கொதித்தால் நார்நாராக இழுக்கும்.

மறுநாள் கம்போ இன்னும் ருசி. ஆறியதும் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் 3 நாள் இருக்கும், ஃப்ரீசரில் 3 மாதம். மேலே உறைந்த எண்ணெயை ஸ்பூனால் எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சிறுதீயில் சூடாக்குங்கள். சோற்றைச் சேர்த்து வைக்காதீர்கள், எல்லாச் சாற்றையும் உறிஞ்சிவிடும். இறால் கம்போ மிஞ்சும் என்று தெரிந்தால் அந்தப் பங்கை இறால் போடும் முன்பே எடுத்து வைத்து, சூடாக்கும்போது புதிதாக இறால் சேர்க்கலாம். ரூ செய்யும் நாளில் இரண்டு பங்காகச் செய்துவிடுங்கள். ஆறிய ரூவைக் கண்ணாடி ஜாடியில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் பல வாரம் கெடாது. அடுத்த தடவை அதைச் சூடாக்கி நேரே வெங்காயத்திலிருந்து தொடங்கலாம்.